காலிக் கட்டம்

ஐந்தரைக்கு எழுந்தான். வாசலில் கிடந்த வெண்ணிலாவின் செருப்பை ஓரமாக நகர்த்திக் கூட்டிவிட்டு, மறுபடி அதே இடத்தில் வைத்தான். பால் காய்ச்சினான். இரண்டு தோசை ஊற்றி ஒன்றைத் தின்றான், மற்றதை டப்பாவில் வைத்தான். சட்டைக்கு இஸ்திரி போட்டான். கதவைப் பூட்டி, பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தான். ஏழு ஐம்பதுக்கு வண்டியை எடுத்தால் எட்டரைக்குக் கல்லூரி. நான்கு மாதமாக இப்படித்தான்.

நவீன்குமார் பொருளாதாரத் துறையில் உதவிப் பேராசிரியன். அவன் மனைவி வெண்ணிலா அதே கல்லூரியில் கணினி அறிவியல். நான்கு மாதத்துக்கு முன் ஒருநாள் அவனுக்குத் தேர்வு மேற்பார்வை இருந்ததால் ஏழு மணிக்கே தனியாகக் கிளம்பிவிட்டான். பின்னால் பஸ்ஸில் வந்தவள், மல்லூர் தாண்டியதும் தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்து, ஜன்னல் கம்பியில் சாய்ந்தபடியே போய்விட்டாள். முப்பது வயது. துக்கம் கேட்க வந்த எல்லோரிடமும் அவன் ஒன்றையே சொன்னான்: "பாத்துப் போங்கன்னு சொன்னா. அதாங்க கடைசி." நிஜத்தில் அவள் சொன்னது, "டப்பா மூடிய நல்லா அமுக்குங்க, கொழம்பு ஒழுகும்" என்பது. மாற்றிச் சொன்னதில் அவனுக்குக் கூச்சமில்லை. வார்த்தை எதுவானால் என்ன, கடைசியாக அவள் பேசியது அவனிடம். அவளிடமிருந்து அவனுக்கென்று மிஞ்சியது அது ஒன்றுதான்.

இன்று நான்கு மணிக்குள் உள்மதிப்பீட்டு மதிப்பெண்களைப் பல்கலைக்கழகத் தளத்தில் அவரவரே ஏற்றியாக வேண்டும். இத்தனை வருடமும் கட்டிலில் படுத்துக்கொண்டு அவன் எண்களை வாசிப்பான், அவள் தட்டுவாள். "ஒருதடவ நீங்களே போட்டுப் பாருங்களேன்" என்பாள். "எனக்குக் கிளாஸ் எடுக்காத. இது கிளார்க்கு வேலை" என்பான். அப்போது பாதிக் கல்லூரி அப்படித்தான் பேசியது. எல்லோருக்கும் மேலாகத் தாவரவியல் மருதாசலம். ஆசிரியர் அறைக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிதில் அதன்மேல் துண்டைப் போர்த்தி, டிபன் கேரியரை வைத்தவர். "இந்தப் பொட்டி வேரு எது, வெழுது எதுன்னு சொல்லுமா, கேளு அம்மணி" என்பார் வெண்ணிலாவிடம்.

ஆறே மாதத்தில் வெண்ணிலா அவரை அந்தப் பொட்டி முன்னால் உட்கார வைத்துவிட்டாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அவர் பேச்சுதான். "இன்னைக்கி சார் தானாவே பிரிண்ட் எடுத்துட்டாருங்க!" கொத்தமல்லியை ஆய்ந்துகொண்டே அவள் சிரிக்கும்போது முகம் விரிந்துபோகும். அவன் டிவி சத்தத்தைக் கூட்டுவான். ஐம்பத்தேழு வயது ஆளைப் பார்த்து வயிறு எரிகிறது என்று யாரிடம் போய்ச் சொல்வது?

அவள் போன பிறகு மருதாசலம் வாரம் தவறாமல் அவன் மேசைக்கு வந்தார். "மார்க்கு போட்டாச்சுங்களா சாமி?" அவன் நிமிராமலே, "போட்டுக்கறனுங்க" என்பான். அவர் கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு போவார்.

மூன்றரை மணிக்கு ஐம்பத்தாறு பேருக்கு எண்களைத் தட்டி முடித்திருந்தான். பக்கம் நகரவில்லை. மேலே சிவப்பில் ஏதோ எழுத்து வந்து வந்து போனது.

"என்னங்க நவீன் சார், இப்பிடி வேர்த்து ஊத்துது?" என்றாள் ஆங்கிலத் துறை ரஞ்சனி. "மருதாசலம் சார்கிட்ட டியூசன் சேந்துருங்க. பீஸு ஒரு டீதான்." எல்லோரும் சிரித்தார்கள். அவருக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்பது அப்புறம்தான் ரஞ்சனிக்கு நினைவு வந்தது. விடைத்தாள் கட்டை இழுத்து வைத்துக்கொண்டு குனிந்தாள்.

மருதாசலம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பதினேழாம் நம்பரு காலியா இருக்குதுங்களே."

"அந்தப் பையன் பரீட்சைக்கே வரல."

"வராதவங்களுக்கு என்னமோ போடோணும். மறந்து தொலைஞ்சுது. இருங்க, அம்மணி சொல்லியிருக்குது."

போனை எடுத்தார். 'கம்ப்யூட்டர் அம்மணி' என்ற பெயருக்குக் கீழே குரல் பதிவுகள் வரிசையாக இறங்கிக்கொண்டே போயின. தேடும்போது விரல் ஒன்றில் பட்டது. "சார், பயப்படாதீங்க, பொட்டி கடிக்காது—" ஒரு சிரிப்பு. அவர் பதறி நிறுத்தினார்.

நவீன்குமாரின் கை மவுஸ் மேலேயே இருந்தது. அவன் போனிலும் அவள் அனுப்பியவை இருக்கின்றன. 'பால்.' 'சாவி பக்கத்து வீட்ல.' 'வந்துட்டீங்களா.' எல்லாம் எழுத்து. ஒரே வீட்டில் இருப்பவனுக்கு யார் குரலை அனுப்புவார்கள்?

"எத்தன இருக்குதுங்க?"

"அறுவத்தேழு." யோசிக்காமல் சொன்னார். எண்ணி வைத்திருந்தார்.

"எல்லாத்தையும் எனக்கு அனுப்பிட்டு அழிச்சிருங்க."

"அனுப்பறனுங்க. அழிக்க மாட்டேன்."

"அவ என் பொண்டாட்டிங்க."

"தெரியுமுங்க சாமி." கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். "எனக்கு வாத்தியாருங்க."

ரஞ்சனியின் பேனா நின்றிருந்தது. மருதாசலம் போனை அவன் பக்கம் நகர்த்தினார். "நீங்க கேக்க வேண்டியது கடைசில இருக்குது. நான் ஒருதடவ கேட்டதோட செரி. உங்ககிட்டக் குடுக்கலாமா வேண்டாமான்னு நாலு மாசமா ஓசன பண்ணீட்டே இருந்தேன்."

அவள் போன அதே தேதி. காலை 7.52.

அன்று அவன் வீட்டை விட்டுக் கிளம்பியது ஏழு மணிக்கு. இரண்டு முறை படித்தான். 7.52. அவனிடம் பேசியது கடைசியில்லை. அதுவும் இந்த ஆளுக்குத்தான் போயிருக்கிறது. போனைத் தூக்கிச் சுவரில் அடிக்க வேண்டும் போலிருந்தது. உள்ளங்கையில் அது வெதுவெதுப்பாக இருந்தது. காதோடு அழுத்திக்கொண்டு பொத்தானைத் தொட்டான். லாரி ஹாரன். யாரோ பூ விற்கும் சத்தம். பிறகு அவள், மூச்சு வாங்க:

"சார், வராதவங்களுக்கு சைபர் போட்றாதீங்க, எழுதிப் பெயிலான மாதிரி ஆயிரும். காலியாவும் உடாதீங்க, மேல போகாது. ஏ, ஏ, ஏன்னு மூணு ஏ போடுங்க, வரலைன்னு அர்த்தம். அப்புறம் சார், எங்கூட்டுக்காரரு இந்தத் தடவையும் என்னையத்தான் போடச் சொல்றாருங்க. நான் சொல்லிக் குடுத்தா கிளாஸ் எடுக்காதங்கறாரு. நீங்க ஒருநா பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுங்க. உங்க மேல அவருக்குக் கொஞ்சம் பொறாமைங்க சார், சொல்லீராதீங்க. சரிங்க, பஸ்சு வந்திருச்சு."