ஜூட்டுக்காகச் செய்த ஜெபம்

ஜூட்டின் ரத்தத்தில் இப்போது கிருமியே இல்லை என்று பதுளை கிளினிக்கில் சொன்னார்கள். லுணுகலை பஸ்ஸில் திரும்பும்போது அவன் சன்னலோரம் சாய்ந்து தூங்கிப்போனான். பக்கத்தில் இருந்த அவன் மனைவி கிருஷாந்தி, மறுநாள் ஞாயிறு என்பதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஈரல் பழுது என்று தெரிந்த அன்றே, புருஷன் திருட்டுத்தனமாகக் குடிக்கிறான் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். தோட்டத்து லயத்தில் ஈரல் கெட்டுச் செத்தவர்கள் எல்லாரும் குடித்தவர்கள்தான். அவன் இரண்டு தடவை மறுத்தான், பிறகு விட்டுவிட்டான். ஞாயிறுதோறும் ஜெபவீட்டில் அவள் எழுந்து, "என் வீட்டுக்காரரோட குடிக்காக ஜெபம் பண்ணுங்க" என்று அழுவாள். அவன் முன்னால் போய் மண்டியிடுவான். சாயங்காலம் வேலைவிட்டு வந்தால், அவள் கேட்காமலே வாயைத் திறந்து ஊதிக் காட்டவும் பழகியிருந்தான்.

போன மாசியில்தான் புது டாக்டர் சொன்னார்: இது ஹெபடைடிஸ் சி, ரத்தத்தால் பரவுகிற கிருமி. "முன்னயெல்லாம் மாசக்கணக்கா ஊசி போடணும். காய்ச்சல்ல ஆளே உருக்குலைஞ்சிருவாங்க. அப்படியும் பாதிப் பேருக்குக் கேக்காது. இப்ப மூணு மாசம் மாத்திரை, அவ்வளவுதான்."

"குடிச்சதால வந்ததில்லையா, டாக்டர்?"

"குடிக்கிறவரா இவரு?"

ஜூட் அவளைப் பார்த்தான். பதில் அவளிடம்தான் இருக்கிறது என்பதுபோல.

அந்த ஞாயிறே ஜெபவீட்டில் சொல்லியிருக்கலாம். மாத்திரை முடிந்து, கடைசிப் பரிசோதனை வரை ஆறு மாதம் போயிற்று. ஜெபத்தை நிறுத்துங்கள் என்று சொல்ல மட்டும் அவளுக்கு வாய் வரவில்லை.

மறுநாள் ஜெபவீட்டில், சேதி கேள்விப்பட்ட பாஸ்டர் கையை உயர்த்தினார். "குடியை விட்ட சகோதரனுக்குக் கர்த்தர் சுகம் குடுத்திருக்கார்! சிஸ்டர் கிருஷாந்தி, சாட்சி சொல்லுங்க."

"ஆமான்னு சொல்லிட்டு உக்காரு, புள்ள," என்று ஜூட் கிசுகிசுத்தான். "சந்தோஷப்பட்டுட்டுப் போகட்டும்."

அவள் எழுந்தாள். "அவரு குடிச்சதே இல்லங்க," என்றாள். "நானா நெனச்சிக்கிட்டுச் சொன்னது. மாத்திரையில சுகமாச்சு. அது தெரிஞ்சும் ஆறு மாசமா வாய மூடிக்கிட்டு இருந்தேன்."

பின்வரிசையிலிருந்து றீட்டா அக்கா கேட்டாள்: "அடியே, அப்ப மூணு வருஷமா யாரு குடிக்காக எங்கள முழங்கால்ல நிக்க வச்ச?"

முதலில் சிரித்தது ஜூட். பிறகுதான் மற்றவர்கள்.

கிருஷாந்தி உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"ஏங்க, ஒரு வார்த்தையாச்சும் திட்டுங்களேன்."

"பாட்டு ஆரம்பிச்சிட்டாங்க. எந்திரி."

எல்லாரும் எழுந்து நின்றார்கள். அவளால் எழ முடியவில்லை.