கல்லுக்கும் ஒரு பெட்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இது கதையாகப் பிறக்கவில்லை. 'பெட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு எத்தனை அர்த்தம் என்று ஓர் அகராதிக்குக் குறிப்பெழுத உட்கார்ந்தேன். தூங்க ஒன்று. ரோஜாப் பாத்தி ஒன்று. ஆற்றின் அடித்தரை. சிப்பி வளரும் கடல்தரை. ஆஸ்பத்திரியில் நாம் போகிற அன்று மட்டும் காலியில்லாத ஒன்று. கடைசியாகக் கல். அங்கே ஹெட்டி வந்து நின்றுகொண்டாள், நகரவேயில்லை.

2.

["டார்செட் குன்றுகளின் மீது பனி மெல்ல..." அடச்சே, வேண்டாம்.]

ஹெட்டி, இங்கிலாந்தின் டார்செட்டில் இருக்கும் எங்கள் ஊரின் கல் கொத்தனார். தேவாலய வாசலுக்கு இரண்டு தூண் கட்ட வந்தாள். கட்டடக் கலைஞர் கிராஸ்லிக்குக் கல்லின் மேல்பரப்பில் பதிந்திருந்த சிப்பிகள் பிடித்துப்போயின. அந்தப் பக்கத்தை வெளியே தெரிகிற மாதிரி நிறுத்தச் சொன்னார்.

"முடியாது சார். பூமிக்குள்ள எப்படிப் படுத்திருந்துச்சோ, தூண்லயும் அப்படியே படுக்கணும். அதான் அதோட பெட். நிக்க வெச்சா பனியில உரிஞ்சு கொட்டிரும்."

"ஏம்மா, நீ கல்லு அடுக்க வந்தியா, தாலாட்டுப் பாட வந்தியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். வலது தூணை அவள் தன் முறையில் முடித்த அன்றே வேலை போயிற்று. இடது தூணை வேறு ஆட்கள் அவர் சொன்னபடி எழுப்பினார்கள். அதன்பின் ஹெட்டியை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை.

(கிராஸ்லியை வில்லனாக்க ஆசைதான். ஆனால் மனிதர் தன் கிழட்டு நாய்க்கு ஸ்வெட்டர் போட்டுக் கூட்டிவருகிறார். என்ன செய்வேன்?)

3.

இரண்டு குளிர்காலம் போயிற்று. இடது தூண் வெங்காயம் மாதிரி உரிந்தது. வலது தூணில் ஒரு கீறல் இல்லை.

முடிவு ஒன்று: கிராஸ்லி ரகசியமாகப் பூசி மறைக்கிறார். அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: ஹெட்டி அவரை நடுத்தெருவில் நிறுத்தி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி...

படித்துப் பார்த்த ஹெட்டி, "நான் அப்படிப் பேசுற ஆளா? அது கெடக்கட்டும், என் கல்லு எதுக்குக் கடைசியில கெடக்கு? மேல போடுங்க" என்றாள்.

போட்டுவிட்டேன். அகராதிக் குறிப்பில் தூங்குகிற பெட் இப்போது இரண்டாவது.

4.

நடந்தது இதுதான். ஞாயிறு வழிபாடு முடிந்து ஊரே வாசலில் நின்றது. இடது தூணுக்குப் புதுக்கற்கள் வந்து இறங்கியிருந்தன. கிராஸ்லி தொப்பியைக் கழற்றினார். ஒரு சாக்பீஸை நீட்டினார்.

"ஹெட்டி அம்மா, இதுக்கு பெட் எந்தப் பக்கம்? நீங்களே கோடு போட்டுக் காட்டுங்க."

அன்று சிரித்த நான்தான் முதலில் கைதட்டினேன். கை எரிகிறவரை தட்டினேன்.

சாக்பீஸை வாங்கி அவள் கோடு போட்டாளா, "நீங்களே போடுங்க சார்" என்று அவரைக் குனிய வைத்தாளா? அதை நான் எழுதப்போவதில்லை, உங்களுக்கே விட்டுவிடுகிறேன். எப்படி வேண்டுமானாலும் முடியுங்கள். அவளைத் தோற்கடிக்க மட்டும் முடியாது. வலது தூண் நிற்கிறது.