பாவு அறுத்தவன்

டமார்!

அருணகிரியின் காரின் முன்பக்கக் கண்ணாடி சிதறித் தெருவெல்லாம் கொட்டியது. தறியில் கட்டித் தொங்கவிடும் எடைக்கல் ஒன்று சீட்டில் கிடந்தது. அதை எறிந்த தனசேகரன் வீட்டுக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான்.

கால் மணி நேரத்தில் ஜீப் வந்தது. எஸ்.ஐ. அன்பரசுவும் ஹெட் கான்ஸ்டபிள் கற்பகமும் இறங்கினார்கள்.

"கல்யாணப் பொடவைக்குப் போட்ட பாவு சார்! மொத்தத்தையும் கத்தரிக்கோலால அறுத்துட்டான். இன்னாடான்னு கேக்க வந்தா கல்லெடுத்து அடிக்கறான்" என்று அருணகிரி குதித்தார். தறியில் நீளவாக்கில் பாவாக ஏற்றியிருந்த பட்டு நூலும் சரிகையும் அவருடையவை. தறியும் உழைப்பும் தனசேகரனுடையவை. "எட்டு வருஷமா என்கிட்ட நெய்யறவன். பைத்தியம் முத்திப்போச்சு. தூக்கி உள்ள போடுங்க."

"கதவை ஒடைங்கடா" என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். அன்பரசுவும் லத்தியை எடுத்துக்கொண்டார்.

"சார், அஞ்சு நிமிஷம் கொடுங்க" என்றாள் கற்பகம்.

"இன்னாம்மா, திருவண்ணாமலை டிரெயினிங்கா? மூணு நாள் ஏசி ரூம்ல போண்டா தின்னுட்டு வந்து எனக்குப் பாடம் எடுக்கிறியா?" கூட்டம் சிரித்தது. "உள்ள கத்தரிக்கோல் வெச்சிருக்கான். யாரையாவது குத்தினா என் யூனிபாரம் போவும். அஞ்சே நிமிஷம்."

மனநோயாளிகளைப் போலீஸ் எப்படி அணுக வேண்டும் என்பதுதான் அந்தப் பயிற்சி. அதில் கற்பகத்துக்கு மறக்காதது ஒன்றுதான். இல்லாத குரல்கள் கேட்பவரின் அவஸ்தையைக் காட்ட, இருவர் அவளுடைய இரு காதிலும் காகிதக் குழலை வைத்துத் திட்டிக்கொண்டே இருக்க, எதிரே இருந்த டாக்டர் அவளுடைய வீட்டு விலாசத்தைக் கேட்டார். பன்னிரண்டு வருடமாகக் குடியிருக்கும் வீடு. அவளால் சொல்ல முடியவில்லை.

தொப்பியையும் லத்தியையும் ஜீப்பில் வைத்துவிட்டு ஜன்னல் ஓரம் போனாள்.

"தனசேகர் அண்ணா, நான் கற்பகம். உள்ள வரமாட்டேன். யாரும் அடிக்கமாட்டாங்க. இன்னா தொல்லை, சொல்லுங்க."

"செவுத்துக்கு அந்தாண்ட என் பேரைச் சொல்லிகினே இருக்கானுங்க" என்றான் உள்ளிருந்து.

சுவருக்கு அந்தப் பக்கம் பவர்லூம் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. கற்பகம் கையசைத்து அதை நிறுத்தச் சொன்னாள். தெரு சட்டென்று அமைதியானது.

"இப்ப?"

"கொஞ்சம் கம்மி."

"பாவை ஏன் அறுத்தீங்க?"

"நூல் வழியாத்தான் மேடம் பேசறானுங்க. அறுத்தா நிக்கும்னு பாத்தேன். நிக்கல."

கத்தரிக்கோலை ஜன்னலில் வைக்கச் சொன்னாள். வைத்தான். கதவு திறந்தது. நாலு நாள் தாடி, தூக்கம் இல்லாத கண், விரலெல்லாம் பட்டு நூல் சுற்றியிருந்தது. கூட்டத்திலிருந்து அவன் மனைவி லாவண்யா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்பரசு புகார்த் தாளை ஜீப் பானட்டில் விரித்தார். "இப்ப ஸ்டேஷன். சாயங்காலம் ரிமாண்ட்."

"ஜெயில் வேணாம் சார்! பத்து நாள்ல செத்துடுவாரு" என்று லாவண்யா அலறினாள்.

"சட்டப்படி மொதல்ல கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிகினு போலாம் சார். அங்க டாக்டர்கிட்ட நான் பேசறேன்" என்றாள் கற்பகம்.

"காரு ஒடைஞ்சிருக்கு, பாவு போச்சு. கம்ப்ளைண்ட் கொடுத்தவரு கையெழுத்துப் போட நிக்கறாரு. அவருக்கு நான் இன்னா பதில் சொல்றது?" பேனாவைத் திறந்தார்.

கற்பகம் லாவண்யாவின் பக்கம் திரும்பினாள். பயிற்சியில் எழுதிக்கொண்டு வந்த கேள்விகளில் ஒன்று மிச்சம் இருந்தது.

"மாத்திரை சாப்பிடறாரா?"

"நாலு வருஷமா சாப்பிட்டாரு மேடம். நல்லாத்தான் இருந்தாரு. இப்ப இருபது நாளா இல்ல."

"ஏன்?"

"மாத்திரை போட்டா கை நடுங்குது. சரிகைப் பூ கோணலா விழுது..."

"டாக்டர்கிட்ட சொல்லியிருந்தா மாத்திக் கொடுத்திருப்பாரே. நிறுத்தணும்னு யாரு சொன்னாங்க?"

லாவண்யாவின் பார்வை கண்ணாடி இல்லாத அந்தக் காரின் மேல் போய் நின்றது. இந்த ஒரு தறிக்கு அருணகிரி தரும் வேலையில்தான் அவர்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது.

அன்பரசுவின் பேனா பாதி வரியில் நின்றது. நிமிர்ந்து அருணகிரியைப் பார்த்தார். தெருவே பார்த்தது.

அருணகிரி துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"முகூர்த்தப் பொடவை சார்... அது ஒண்ணு முடியற வரைக்கும் மாத்திரை போடாதடான்னுதான் சொன்னேன்."