கீழே யாரோ குளிக்கிறார்கள்

நாலு நாளாக வைஜெயந்தி தரையை ஓங்கி மிதித்துப் பார்க்கிறாள். ஷவரில் தண்ணீர் நூலாகத்தான் ஒழுகுகிறது.

தீவில், பத்துபஸ்தியில் அவர்கள் வீட்டு மேல்மாடி பழைய பலகைத் தளம். அதன் மேல் சிமென்ட் பூசி ஒரு குளியலறை. அவள் மேலே குளிக்கிற நேரத்தில் கணவர் நந்தகுமார் கீழே குளிப்பார். இரண்டுக்கும் ஒரே குழாய். கீழே அவர் திறந்ததும் மேலே தண்ணீர் குறையும், ஷவர் ஹீட்டரின் சிவப்பு விளக்கு அணையும், பச்சைத் தண்ணீர் முதுகில் விழும். அவள் மூன்று தரம் தரையை மிதிப்பாள். கீழே சிரிப்புச் சத்தம் கேட்கும், பிறகு குழாயை மூடுவார். பதினோரு வருஷமாக இந்தக் கூத்துதான். ஆளுக்கொரு நேரத்தில் குளிக்கலாமே என்று இருவருக்கும் தோன்றவே இல்லை.

எட்டு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வண்டூர்க் கடற்கரையிலிருந்து தனியாக டிங்கிப் படகில் மீன் பிடிக்கப் போனவர் திரும்பவில்லை. டிங்கி மட்டும் கரை ஒதுங்கியது. உடல் கிடைக்கவில்லை.

பத்தாம் நாள் காலை அவள் குளித்துக்கொண்டிருந்தபோது தண்ணீர் குறைந்தது, விளக்கு அணைந்தது. பழக்கத்தில் மிதித்தாள். தண்ணீர் வந்தது, சுடச்சுட வந்தது. சேலையை வாரிச் சுற்றிக்கொண்டு கீழே ஓடினாள். கீழ்க் குளியலறைத் தரை காய்ந்து கிடந்தது.

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். இரண்டே நாளில் பயம் போய்விட்டது. அதற்குப் பதிலாக வந்த சந்தோஷத்தை யாரிடம் சொல்வது? மெயின்லேண்டிலிருந்து கொழுந்தன் ஸ்ரீதர் வாரம் தவறாமல் போன் செய்தான்.

"காரியத்த எப்ப வைக்கிறது மதினி? எத்தன நாளைக்கு இப்புடியே இருப்பீங்க?"

அவள் பிடி கொடுக்கவில்லை. தினமும் காலையில் வந்து குளிக்கிற மனுஷனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கச் சொல்கிறார்கள், நன்றாக இருக்கிறது நியாயம்!

இப்போது மிதித்தும் தண்ணீர் கூடவில்லை. கோபமா? கிளம்பியே போய்விட்டாரா? அது தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பிளம்பர் விஜயனை வரச் சொன்னாள்.

விஜயன் கச்சால் தீவில் பிறந்தவன். சிலோனிலிருந்து ரப்பர் தோட்டத்துக்கு வந்த குடும்பம். ஊருக்குப் புதியவன். ஷவரைத் திறந்து பார்த்தான், அவள் நெற்றிப் பொட்டையும் பார்த்தான்.

"கீழ யாராச்சும் குளிக்கிறாங்களாக்கா?"

எட்டு மாதத்தில் இதை ஒருவரும் அவளிடம் கேட்டதில்லை.

"அவருதான்" என்றாள்.

அவன் படியருகே போய், இந்த ஊரில் முகம் தெரியாதவரிடம் எல்லோரும் பேசும் ஹிந்தியில் குரல் கொடுத்தான். "பாய் சாப்! ஜரா நல் பந்த் கரோ!"

குழாயை மூடச் சொல்லி வேறொரு ஆள் அவரைக் கூப்பிட்டதும் அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. கீழே சத்தம் இல்லை. ஷவரையே பார்த்தாள். நூல் நூலாகவே இருந்தது.

"கீழ தண்ணிச் சத்தமே இல்லியேக்கா. கோளாறு இங்கதான்."

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, ஹீட்டருக்குள் போகும் குழாயில் ஸ்பானரால் நங்கென்று தட்டினான். தண்ணீர் குபுக்கென்று வந்து, மறுபடி இளைத்தது.

"பாத்தீங்களா? உள்ள ஜாலி வலையில கசடு அடச்சிருக்கு. தட்டுனா வெலகும், கொஞ்ச நேரத்துல திரும்ப வந்து அடைக்கும். ரொம்ப மாசமாவே இப்புடித்தான் இருந்திருக்கும்."

"தரைய மிதிச்சா?" என்று கேட்டாள்.

"பலகத் தளந்தானக்கா. மிதிச்சாலும் கொழா ஆடும், தண்ணி வரும். இப்ப முழுசா அடச்சிருச்சு, அதான் வரல."

கெட்டிக்காரன். எட்டு மாதமாகக் கடலால் முடியாததை ஒரு வார்த்தையில் முடித்துவிட்டான். சின்ன வலையைக் கழற்றி, துருவும் மணலுமாகத் தட்டிக் கழுவி மாட்டி, சுவிட்சைப் போட்டான். விளக்கு எரிந்தது. தண்ணீர் கொட்டியது. "படியா ஹோ கயாக்கா, நல்லா வருது" என்று சொல்லிவிட்டுப் போனான்.

வைஜெயந்தி ஷவரை ஓடவிட்டபடியே கீழே இறங்கினாள். அவருடைய குழாயைத் திறந்தாள். மேலே தண்ணீர்ச் சத்தம் குறைந்தது. இங்கே நின்று இதை அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது! குழாயைத் திறந்துவிட்டு இந்த மனுஷன் தினமும் எதற்குக் காத்து நின்றார் என்று இப்போதுதான் தெரிந்தது.

அண்ணாந்து பார்த்து, "மிதிங்க" என்றாள். "ஒரே ஒரு தடவ மிதிங்க."

வாளி நிறைந்து வழிந்து, தண்ணீர் அவள் காலைச் சுற்றி ஓடியது. மேலே யாரும் மிதிக்கவில்லை. அவளே குழாயை மூடினாள். மேலே, ஆளில்லாத தரையில் தண்ணீர் சடசடவென்று விழுந்தது.

ஈரக் கையோடு போனை எடுத்து ஸ்ரீதரைக் கூப்பிட்டாள்.

"தம்பி, நாள் பாருங்க" என்றாள். "நான் தலை முழுகணும்."