இரண்டாவது துண்டு

திரவ நைட்ரஜனுக்குள் தொங்கிய கிண்ணத்தின் குளிர்திரவத்தில் அண்ணனின் தொடைச்சதைத் துண்டை முக்கி, தங்கச்சி பதினைந்து எண்ணினாள். அண்ணன் இறந்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை.

"நான் வேணா செய்யட்டுமாம்மா?" என்றார் பரிசோதனைக்கூட டாக்டர்.

"வேணாம் சார். என்னைத்தான் செய்யச் சொன்னாரு."

அந்தக் கூடத்தின் டெக்னீஷியன் அவள். மூன்று வருஷத்துக்கு முன் முதல் துண்டை உறையவைத்ததும் அவள்தான். கிண்ணம் நன்றாகக் குளிர்வதற்குள் அவசரப்பட்டுப் போட்டுவிட்டாள். சதை மெதுவாக உறைந்தால் உள்ளே பனி முளைத்து ஓட்டை போடும். அண்ணனின் தசை ஆயிரம் எலி கடித்த கோணியாகத் தெரிந்தது. ஓட்டையெல்லாம் பனியின் வேலை என்று ஒதுக்கிவிட்டு, சாதாரணத் தசை அழற்சி என்று எழுதினார்கள். அண்ணனிடம் மட்டும் தவறை ஒப்புக்கொண்டாள். மறுபடி வெட்ட அவர் சம்மதிக்கவில்லை.

"தொடையில ஒரு பாக்கெட் போதும் எனக்கு" என்றார். தையல்காரர் அல்லவா.

அவர் விழுங்கிய ஸ்டீராய்டு மாத்திரைகளைக் கோத்தால் ஊரை மூன்று சுற்று சுற்றலாம். முகம் பூசணியானது, வயிறு பானையானது. கத்திரிக்கோல் மட்டும் கையில் நிற்கவில்லை. கடைசியில் தொண்டைத் தசையும் தளர்ந்து, குடித்த தண்ணீரே நுரையீரலுக்குள் போயிற்று.

போன வாரம் சம்மதத் தாளில் கையெழுத்துப் போட ஒரு யுகம் எடுத்துக்கொண்டார்.

"செத்தப்புறம் எடுத்துப் பாரு. இந்த வாட்டி ஒழுங்கா செய்டி. இன்னொரு தடவை சாக எனக்கு நேரமில்ல."

சீவி, சாயமேற்றி, டாக்டர் நுண்ணோக்கியில் வெகுநேரம் பார்த்தார். பிறகு நாற்காலியை நகர்த்தி இடம் விட்டார்.

ஓட்டைகள் இருந்தன. பனி ஓட்டை வெறுமையாக இருக்கும். இவற்றின் விளிம்பிலோ, சிவப்பு நூலில் காஜா எடுத்தாற்போல் துகள்கள்.

"அபூர்வ வகைம்மா. மருந்துக்கு அடங்காது. அன்னைக்கே தெரிஞ்சிருந்தாலும் நோயை நிறுத்தியிருக்க முடியாது."

"மாத்திரையை நிறுத்தியிருக்கலாமே சார்."

டாக்டர் நுண்ணோக்கியின் விளக்கை அணைத்தார்.

பிண அறையில் அண்ணி ஒரு சட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"அவரே தைச்சது. இதைத்தான் போடணும்னாரு. வயித்துல பூட்ட மாட்டேங்குதுடி. ரிசல்ட் என்னாச்சு?"

"அந்த மாத்திரை தேவையே இல்ல அண்ணி. முதல் துண்டை நான்தான் கெடுத்தேன்."

அண்ணி பொத்தானிலிருந்து கையை எடுத்தாள். பிறகு ஊழியரிடம் ஒரு கத்திரிக்கோல் வாங்கி நீட்டினாள்.

"முதுகுப் பக்கம் வெட்டு. நேரா வெட்டு."

காலரில் ஆரம்பித்தாள் தங்கச்சி. நெருக்கத் தையல். லேசில் விடவில்லை.