பட்டி பார்த்த பியூஜோ

அலெக்ஸாந்திரியாவில் பழைய கார்களுக்கு உயிர் கொடுப்பவர் என்று ஊரே மெக்கானிக் உஸ்தா ஷவ்கியைப் புகழ்ந்ததால்தான், பல் டாக்டர் நக்லா தன் அப்பாவின் பியூஜோவை அவரிடம் விட்டிருந்தாள். வேலை முடிந்தது என்றதும் வந்து பார்த்தாள். வண்டி கண்ணாடியாக மின்னியது. கதவைச் சாத்தியதும் அடியிலிருந்து பெயிண்ட் சில்லுச் சில்லாக உதிர்ந்தது. குனிந்து விரலால் அழுத்தினாள். துருப்பிடித்த ஓட்டைக்குள் செய்தித்தாளைத் திணித்து, மேலே பட்டி பூசியிருந்தார்.

"உஸ்தா, என்ன இது?"

"கடல் காத்து, டாக்டரம்மா. இந்த ஊர்ல துருப்பிடிக்காத வண்டி ஏது?"

"கடல் காத்தா வந்து பேப்பரைத் திணிச்சுது?"

"கோபப்படாதீங்க. டீ சாப்பிட்டுக்கிட்டே பேசலாம்."

"டீயைக் கொண்டுபோய்க் கடல்ல கொட்டுங்க!"

மேசையில் கிடந்த திருப்புளியை எடுத்து, காத்திருந்த வாடிக்கையாளர்கள் கண்ணெதிரே அந்தப் பட்டியைச் சுரண்டித் தள்ளினாள். பிறகு ஓட்டை வண்டியை அவளே ஓட்டிக்கொண்டு வெளியேறினாள். பின்னாலேயே அந்த வாடிக்கையாளர்களில் ஒருவரும் தன் காரைக் கிளப்பினார்.