மூச்சு விடாமல் ஒரு வாக்கியம்

மூச்சு வாங்குகிறதா என்று கேட்டால் உண்மையைச் சொல்கிற ஆளை இந்தக் கொச்சி மட்டாஞ்சேரி ஆஸ்பத்திரியில் நான் பார்த்ததில்லை. வீட்டுக்குப் போக நினைப்பவர் இல்லவே இல்லை என்பார். லீவு வேண்டியவர் கேட்பதற்கு முன்பே முனகுவார். அதனால் நான் வாயை நம்புவதில்லை. நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணுவேன். எண்ணுவது தெரிந்துவிட்டால் எல்லாரும் போட்டோவுக்கு நிற்பதுபோல ஒழுங்காக மூச்சுவிட ஆரம்பித்துவிடுவார்கள்.

முகமது இஸ்மாயில் இக்காவிடம் இந்த வித்தை பலிக்கவில்லை. பஜாரில் சுக்கு மொத்த வியாபாரம் செய்பவர். சுக்குத் தூசியும் பீடியும் சேர்ந்து நுரையீரலைத் தின்றது போக மிச்சம் வைத்திருப்பவர். நான் கையைத் தொட்டதுமே கேட்டார்.

"சிஸ்டரே, நாடி கையிலல்லே இருக்கு. நீ எதுக்கு நெஞ்சப் பாக்குற?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஆனால் அவர் அவசரம் எனக்கும் தெரியும். அன்று சாயங்காலம் அவருடைய ஒரே மகள் நௌரினுக்கு நிக்காஹ். தகப்பன்தான் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, அவன் பெண்ணுக்குத் தரும் மஹரை வாய்விட்டுச் சொல்லி, மகளைக் கொடுக்க வேண்டும். முடியாவிட்டால் வேறு ஒருவரிடம் பொறுப்பை ஒப்படைக்கலாம். அதைச் சொன்னாலே இக்காவுக்குக் கண் கலங்கிவிடும்.

டாக்டர் விஸ்வநாத் ரவுண்ட்ஸில் ஒரு நிபந்தனை போட்டார். ஒரு நீண்ட வாக்கியத்தை நடுவில் நின்று மூச்சு வாங்காமல் சொன்னால், ஆக்சிஜனோடு மண்டபத்துக்குப் போய்வரலாம். "அமுதவள்ளி பார்த்துச் சொல்லட்டும்" என்று பாவத்தை என் தலையில் கட்டிவிட்டு அவர் அடுத்த வார்டுக்கு நழுவிவிட்டார்.

முதலில் விரலில் கருவியை மாட்டினேன். ஆக்சிஜன் அளவு எண்பத்தெட்டு.

"தொண்ணூத்திரெண்டு வேணும் இக்கா."

"தொண்ணூறுக்கு முடி."

"இது சுக்கு இல்ல."

அவர் மனைவி ஷரீஃபா இடையில் புகுந்து அவருடைய விரலைப் பிடித்துப் பரபரவென்று தேய்த்தார். "விரல் தணுத்துக் கெடக்கு மோளே, அதான் கொறச்சுக் காட்டுது." அதில் உண்மை இல்லாமலும் இல்லை. எண்பத்தொன்பது ஆனது. "பாரு, வெல ஏறுது" என்றார் இக்கா. பக்கத்துக் கட்டில் ஹைதரூஸ், மூட்டை தூக்கும் மனிதர், இருமிக்கொண்டே சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்து தொலைத்தது. ஸ்டெதஸ்கோப்பை முதுகில் வைத்து முகத்தை மறைத்துக்கொண்டேன். உள்ளே விசில் சத்தம் நன்றாகவே கேட்டது.

அடுத்தது பேச்சு. காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்றேன். "கஞ்சி." ராத்திரி தூக்கம் எப்படி? "சொகம்." கடையைப் பற்றிச் சொல்லுங்கள் என்றேன். "கொள்ளாம்", பரவாயில்லை என்று அர்த்தம். ஒற்றைச் சொல்லைத் தாண்டவே மாட்டேன் என்கிறார். தோள் இரண்டும் ஏறி இறங்குகின்றன, உதட்டில் மட்டும் ஒரு கள்ளச் சிரிப்பு.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை ரயீஸ் வந்தான், கூடவே அவன் மாமா மஜீத். மாமனாரின் துஆ வாங்கிப் போக வந்திருந்தார்கள். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"மண்டபத்துல சொல்லப்போறத இங்க சொல்லுங்க இக்கா. அதைவிட நீளமான வாக்கியம் எதுக்கு?"

"கை பிடிக்காம அது வாயில வராது."

"அப்ப பிடிங்க."

ரயீஸ் கூச்சத்தோடு கையை நீட்டினான். இக்கா இறுகப் பற்றிக்கொண்டார். "என் மகள்..." என்று தொடங்கி ஒரு மூச்சு வாங்கினார். "நௌரினை, பேசிய மஹருக்கு..." மறுபடி மூச்சு. "உனக்கு நிக்காஹ் செய்து..." கழுத்து நரம்பு புடைத்தது. "துணையாக்கித் தந்தேன்."

மூன்று இடத்தில் நின்றுவிட்டார். தோல்விதான். அதை எப்படிச் சொல்வது என்று நான் தவித்துக்கொண்டிருக்கும்போது, ஒரு வாரமாகக் கண்ணாடி முன் ஒத்திகை பார்த்திருந்த ரயீஸ் பட்டென்று பதில் சொல்லிவிட்டான்.

"அந்த மஹருக்கு அவளுடைய நிக்காஹை ஏற்றுக்கொண்டேன்."

மஜீத் ஹைதரூஸைப் பார்த்தார். ஹைதரூஸ் மஜீத்தைப் பார்த்தார்.

"ரெண்டு சாட்சி இருக்கோம்" என்றார் மஜீத் மெதுவாக.

"படச்சோனே" என்று ஷரீஃபா தலையில் கைவைத்தார். "பொண்ணு இன்னும் குளிக்கக்கூட இல்லையே."

சாயங்காலம் நிக்காஹ் நடத்திவைக்க இருந்த உஸ்தாதுக்கு போன் போட்டார்கள். அவர் ஸ்பீக்கரில் வரிசையாக விசாரித்தார். பெண் சம்மதம் சொல்லியாயிற்றா? நேற்றே சொல்லிவிட்டாள். சொன்னது தகப்பன்தானா? தகப்பன்தான். சாட்சிகள் கேட்டார்களா? கேட்டார்கள்.

"சிஸ்டர் டெஸ்டுக்குச் சொல்லச் சொன்னதாக்கும் உஸ்தாதே" என்றான் ரயீஸ், வேர்த்து விறுவிறுத்து.

"வெளையாட்டாச் சொன்னாலும் இதுல வெளையாட்டு கெடையாது. நிக்காஹ் நடந்தாச்சு. பிரியாணிக்கு நான் மண்டபத்துக்கு வரணுமா, ஆஸ்பத்திரிக்கு வரணுமா, அத மட்டும் சொல்லுங்க."

அதன்பிறகு அது வார்டாகவே இல்லை. ஹைதரூஸ் எழுந்து உட்கார்ந்து ரயீஸைக் கட்டிக்கொண்டார். யாரோ சாயாவுக்கு ஓடினார்கள். நெபுலைசர் முகமூடியோடு ஒரு கிழவர் கைதட்டினார். இன்ஜெக்ஷன் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நானும் பைத்தியம்போலச் சிரித்தேன்.

ஷரீஃபா மகளை வீடியோவில் கூப்பிட்டார். தலையில் எண்ணெயோடு நௌரின் திரையில் வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அப்பாவை மட்டும் பார்த்துக் கேட்டாள்.

"முழுசாச் சொன்னீங்களா அத்தா? நீங்களேவா?"

"நானேதான். முழுசாச் சொன்னேன்." இக்கா தோளைத் தளரவிட்டு, வாயைத் திறந்து தாராளமாக இளைத்தார். "நடுவுல மூணு எடத்துல மூச்சு முட்டிச்சு மோளே. இப்பவும் முட்டுது. என்னால மண்டபத்துக்கு வரக் கழியாது."

காலையிலிருந்து நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு அதுதான் பதில். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆக்சிஜனைத் திறந்துவிட்டேன்.